அளவு சரி, வடிவம்தான் இடிக்கிறது: தாத்தாவின் தொப்பியை உங்கள் தலைக்குப் பொருத்துவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என் தாத்தா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். அவர் போட்டிருந்த சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது. உள்ளே தோல் பட்டையில் 6⅞ என்ற எண் தெரிகிறது. டேப் வைத்துப் பார்த்தேன். தொப்பியின் உள்சுற்று 56 சென்டிமீட்டர், என் தலையும் 56. ஆனால் போட்டால் நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்துகிறது, காதுக்கு மேலே மட்டும் விரல் நுழைகிறது. கொஞ்ச நேரத்தில் தலைவலி வந்துவிடுகிறது. அக்காவின் கல்யாண வரவேற்பில் போட ஆசை. இதைப் பெரிதாக்க முடியுமா?"

முடியும் தம்பி. ஆனால் பெரிதாக்காதீர்கள். பெரிதாக்கினால் நெற்றியில் அழுத்தம் குறையும், கூடவே காதோரத்து இடைவெளியும் வளரும். மண்டபத்து மின்விசிறிக்கே தொப்பி நகரும். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் தொப்பியின் அளவில் குறை எதுவும் இல்லை. உங்களுக்கு முன்னும் பின்னும் நீண்ட தலை. தொப்பியோ உருண்டைத் தலைக்கு ஏற்றபடி வாட்டமாகிவிட்டது. இதே ஊரில் தையல் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், "தொப்பி சின்னதாகிவிட்டது, இழுத்துக் கொடுங்கள்" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இழுக்க வேண்டிய தேவையே இருப்பதில்லை.

டேப் ஏன் ஏமாற்றுகிறது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒருவருடைய தலை முன்பின் நீளம் 20 சென்டிமீட்டர், பக்கவாட்டு அகலம் 15.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள்வட்டமாக எடுத்துக்கொண்டால் சுற்றளவு ஏறக்குறைய 56. இன்னொருவருக்கு நீளம் 19, அகலம் 16.6. அவருக்கும் சுற்றளவு ஏறக்குறைய 56 தான். முதல் ஆள் இரண்டாம் ஆளின் தொப்பியை மாட்டினால் நெற்றியில் அரை சென்டிமீட்டர், பின்னால் அரை சென்டிமீட்டர் இடிக்கும். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் அதே அளவு காலியாக நிற்கும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே வந்துவிட்டது பாருங்கள்.

அந்த 6⅞ பற்றியும் ஒரு வார்த்தை. அது பிரிட்டிஷ் அளவு, 56 சென்டிமீட்டருக்குச் சமம். அமெரிக்கத் தொப்பியாக இருந்தால் இதே 56க்கு 7 என்று போட்டிருப்பார்கள். அமெரிக்க எண் என்பது தலையின் நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் கூட்டிப் பாதியாக்கினால் வருவது. பிரிட்டிஷ் எண் அதைவிட அரைக்கால் அங்குலம் குறைவு. எண்ணில் ஒரு அரைக்கால் ஏறினால் சுற்றளவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஏறும். எந்த முறையிலும் எண் ஒன்றுதான். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று அது சொல்லாது. இணையத்தில் தொப்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

ஆகவே முதல் வேலை, தலையின் வடிவத்தைத் தாளில் இறக்குவது. பெரிய தொப்பிக் கடைகளில் இதற்கென்றே ஒரு கருவி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் உருவானது. தலையில் கவிழ்த்தால் சுற்றிலும் உள்ள கட்டைகள் தலையோடு ஒட்டி நகரும், மேலே செருகிய சிறு அட்டையில் ஊசிகள் குத்தித் தலையின் உருவத்தைச் சுருக்கிக் காட்டும். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? வானொலிப்பெட்டி பழுதுபார்க்கும் கடைகளில் பற்றவைக்கப் பயன்படுத்தும் ஈயக்கம்பி கிடைக்கும், தடித்ததாக இரண்டு முழம் வாங்குங்கள். கம்பியை ஒரு துணியில் சுருட்டி, புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை மேட்டைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முனைகளும் காதோரத்தில் சேரும்படி அழுத்துங்கள். மெதுவாகக் கழற்றித் தாளில் வைத்து, கம்பியின் உள்பக்கமாகப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். நெற்றிப் பக்கம் எது, இடது எது என்று உடனே எழுதிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அரை மணி நேரத்தில் குழப்பம் வரும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அதே தாளில், தொப்பியைக் கவிழ்த்து அதன் உள்வாயையும் வரையுங்கள். இரண்டு கோடுகளும் எங்கே விலகுகின்றன என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். பலருக்கு அப்போதுதான் தம் தலையே தெரியவரும். முழுச் சமச்சீரான தலை யாருக்கும் கிடையாது. குழந்தையில் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததால் பின்மண்டையின் ஒரு பக்கம் தட்டையாகிப் போனவர்கள் உண்டு. நெற்றி ஒரு பக்கம் புடைத்தவர்கள் உண்டு. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, தொப்பிக்குத்தான் தெரிய வேண்டும்.

இனி ஃபெல்ட். இது நெய்த துணி இல்லை. முயல் ரோமத்தையோ ஆட்டு ரோமத்தையோ வெந்நீரிலும் ஆவியிலும் அழுத்திப் பிசைந்து, ரோமத்தின் மேல் உள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்படி செய்த பொருள். தைத்தும் நெய்தும் கட்டிப்போடாததால் எந்தத் திசையிலும் நகர மனம் வைக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் ரோமம் இளகும், ஆறிக் காயும்போது எந்த நிலையில் பிடித்திருக்கிறோமோ அந்த நிலையில் இறுகும். ஈரத் தலைமுடியைச் சுருட்டி உலர்த்தினால் சுருள் நிற்கிறதே, அதே வேலைதான். பழைய தொப்பிகள் பலவற்றில் விறைப்புக்காக அரக்கும் ஏற்றியிருப்பார்கள். அதுவும் சூட்டில் இளகி ஆறும்போது கெட்டிப்படும். முயல் ரோம ஃபெல்ட் மெலிதாக இருந்தும் உறுதியாக நிற்கும், கொடுத்த வடிவத்தை வைத்துக்கொள்ளும். ஆட்டு ரோமம் தடவினால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், மழையில் நனைந்தால் சுருங்கும், கொடுத்த வடிவத்தையும் சில வாரங்களில் மறந்துவிடும். கிராணிமார் அந்தக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ஆங்கிலேயத் தொப்பி பெரும்பாலும் முயல் ரோமமாகத்தான் இருக்கும். அந்தத் தொப்பி நிழலுக்காக மட்டும் தலையில் ஏறியதில்லை. துரைக்கு நெட்டிச் செடியின் தண்டில் செய்த நெட்டித் தொப்பி, கங்காணிக்குத் தலைப்பாகை, கிராணிக்கு ஃபெல்ட் என்று தோட்டத்தில் தலையைப் பார்த்தே ஆளை எடைபோட்ட காலம் அது.

பழைய ஃபெல்ட்டில் ஒரு எச்சரிக்கை உண்டு. முயல் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. தொப்பித் தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக் கோளாறும் வந்தது அதனால்தான். அமெரிக்காவில் அந்த முறை 1941இல் நின்றது. உங்கள் தொப்பி எந்த ஆண்டுத் தயாரிப்பு என்று தெரியாதவரை, ஆவி காட்டும் வேலையைச் சமையலறையில் வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் பின்னால் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம்.

தோல் பட்டையை முதலில் பாருங்கள், ஏனென்றால் பழைய தொப்பியைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பட்டை ஃபெல்ட்டோடு சேரும் தையலை ஓரமாகத் தடவிக்கொண்டே போங்கள். நூல் பொடிப்பொடியாக வருகிறதா? தோலை மடக்கினால் வெடிக்கிறதா? வெடித்தால் அந்தப் பட்டையை இழுக்கக் கூடாது. பிரித்தெடுத்துப் புதிய தோல் வைத்துத் தைத்துவிடுவதே வழி. அதைச் சுருட்டி எறியாதீர்கள், உங்கள் தாத்தாவின் பெயர்க் குறியோ கடைப் பெயரோ அதில் இருக்கலாம். தோல் உறுதியாக இருந்தால் தோலுக்கான களிம்பை மெல்லியதாகத் தடவி ஒரு நாள் விடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது ஃபெல்ட்டுக்குள் ஊறி வெளியே கறையாகத் தெரியும்.

வேலை தொடங்கும்போது அந்தப் பட்டையை முழுவதும் வெளியே மடித்துவிடுங்கள். நனைந்த தோல் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே சுருங்கத் தொடங்கும், கெட்டில் ஆவியோ 100. பட்டையை மடிக்காமல் ஆவி காட்டியவர்களின் தொப்பி பெரிதாவதற்குப் பதில் ஒரு சுற்றுச் சிறுத்து வருவதற்குக் காரணம் இதுதான்.

விசிலடிக்கும் சாதாரண கெட்டில் போதும். மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொப்பியைப் பிடியுங்கள். கூடும் விளிம்பும் சேரும் மடிப்பு இருக்கிறதல்லவா, தொப்பியின் வாய் வடிவத்தைக் கட்டுப்படுத்துவது அந்த மடிப்புத்தான். ஆவி அங்கே படட்டும், உச்சியில் படக் கூடாது. உச்சியில் பட்டால் தாத்தா வைத்திருந்த மடிப்பும் கிள்ளலும் கலைந்துபோகும். மடிப்பைச் சுற்றிலும் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். அரை நிமிடத்தில் ஃபெல்ட் கைக்குள் துவள்வது தெரியும். ஈரம் சொட்டும்வரை போக வேண்டாம். இப்போது பக்கங்கள் இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்குங்கள். முன்னும் பின்னும் தானாக நீளும். உங்களுக்கு வேண்டிய அரை சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அமுக்குங்கள், ஏனென்றால் கையை எடுத்ததும் சிறிது திரும்பி வரும். ஆறும்வரை பிடித்திருங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு கீழே வைத்தால் அது தன் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கையால் பிடித்து ஆறவைப்பது ஒரு மாலைக்கான தீர்வு. நிலையாக நிற்க வேண்டுமானால் உள்ளே ஒரு அச்சு வேண்டும். நீங்கள் வரைந்த தலைக்கோட்டைத் தச்சரிடம் கொடுத்து, ஓரங்குலத் தடிப்புள்ள பால்மரப் (ரப்பர் மரப்) பலகையில் அதே வடிவத்துக்கு ஒரு துண்டு அறுத்து வாங்குங்கள். மேசை நாற்காலி செய்கிற பட்டறைகளில் வெட்டித் தள்ளிய துண்டுகள் கிடக்கும், சும்மாவே கொடுத்துவிடுவார்கள். ஓரத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்கி, பட்டையை மடித்திருக்கும்போதே தொப்பியின் வாயில் செருகி, மறுபடியும் ஆவி காட்டி, நிழலில் மின்விசிறிக்குக் கீழே விட்டுவிடுங்கள். குளிர்நாட்டு நூல்களில் ஓர் இரவு போதும் என்று எழுதியிருப்பார்கள். நம் பக்கத்துக் காற்றில் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்போது ஓர் இரவில் ஃபெல்ட்டின் உள்பகுதி காயாது. இரண்டு முழு நாள் விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், சாம்பல் நிறம் மங்கும். அதன் பிறகு பட்டையை உள்ளே திருப்பிக் காய்ந்த தொப்பியைப் போட்டுப் பாருங்கள். வாயின் வடிவம் மாறியதால் விளிம்பும் எங்கேனும் நெளிந்திருக்கும். கவலை வேண்டாம், நெளிந்த இடத்தில் மட்டும் ஆவி காட்டி, துணி விரித்த மேசையில் படியவைத்து அமுக்கினால் சரியாகும்.

தலையில் ஒரே இடத்தில் மேடு இருக்கிறவர்களுக்கு முழுத் தொப்பியையும் மாற்ற வேண்டியதில்லை. மேடு படும் இடத்தை உள்ளே சுண்ணக்கட்டியால் குறித்து, அந்த இடத்தில் மட்டும் ஆவி காட்டி, மரக்கரண்டியின் முதுகால் உள்ளிருந்து வெளியே தேய்த்துத் தள்ளினால் போதும். ஒரு பக்கம் தட்டையான தலைக்கு இதற்கு நேர்மாறு. அங்கே வெற்றிடம்தான் சிக்கல் என்பதால், பட்டைக்குப் பின்னால் மெல்லிய நுரைப்பட்டையோ மடித்த காகிதமோ செருகினால் முடிந்தது. உங்களுக்கும் சொல்கிறேன், தொப்பி ஒரு சுற்றுப் பெரியதாக இருந்திருந்தால் ஆவியே வேண்டாம், காதோரம் இரண்டு பக்கமும் இப்படி அடைத்தே அனுப்பியிருப்பேன்.

விரிக்கும் கருவி என்று விற்கிறார்களே, இரண்டு அரைவட்ட மரக்கட்டைகள், நடுவில் ஒரு திருகு, அதைப் பற்றிக் கேட்பீர்கள். அது நல்ல கருவிதான். உண்மையிலேயே சுற்றளவு போதாத தொப்பிக்கு அதுதான் மருந்து. ஆனால் திருகு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் அதிகம் தள்ளும். முன்பின்னாக வைத்தால் நீளவாட்டு, குறுக்கே வைத்தால் உருண்டைவாட்டு. இதைப் பார்க்காமல் செருகிவிட்டு இருந்த கோணலைக் கூட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். லேசாக ஆவி காட்டி, கட்டை இறுகும்வரை திருகி, மறுநாள் அரைச் சுற்று, அதற்கு மறுநாள் இன்னும் அரைச் சுற்று என்று போங்கள். ஒரு சென்டிமீட்டர் கிடைத்தால் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பட்டைத் தையல்தான் முதலில் விடும். வேலை முடிந்த பிறகு, திருகாமல் சும்மா உள்ளே வைத்திருந்தாலும் பயன்தான், மழைக்கால ஈரத்தில் தொப்பி சுருங்காது.

ஓலைத் தொப்பிக்கு ஆவியைவிட ஈரம்தான் முக்கியம். பனாமா என்று பெயர் வாங்கிய தொப்பி எக்குவடோர் நாட்டின் தோக்கியா நாரில் பின்னுவது. 2012இல் அந்தப் பின்னல் கலையை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. காய்ந்த நாரை வளைத்தால் மடிப்பில் ஒடியும். உள்பக்கம் ஈரத்துணியால் ஒற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு அச்சில் போடுங்கள். நம் பக்கத்து மெங்குவாங் (தாழை வகை) ஓலைத் தொப்பியும் அப்படித்தான், அது இன்னும் சொன்னபடி கேட்கும். பின்னிய சடையைச் சுற்றிச் சுற்றித் தைத்த தொப்பிதான் நகராது, நூல் விடாது. அந்த வகையில் பல நேரங்களில் ஓலை இறுக்கமாகவே இருக்காது, உள்ளே தைத்திருக்கும் நாடாதான் இறுக்கும். பின்பக்கத்தில் நாடாவைப் பிரித்து, இடையில் ஒரு துண்டு சேர்த்துத் தைத்தால் அங்கேயே ஒரு சென்டிமீட்டர் கிடைத்துவிடும். மலிவான "ஓலை"த் தொப்பிகள் பலவும் முறுக்கிய காகிதம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இழையை நகத்தால் பிரித்துப் பாருங்கள், காகிதமாக விரிந்தால் தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

பள்ளிச் சீருடைப் படைகளின் பெரே தொப்பியைப் பற்றி மாணவர்கள் கேட்பதுண்டு. கம்பளியாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, தலையில் போட்டே வடிவத்துக்குக் கொண்டுவந்து காயவிடலாம். வெந்நீர் ஊற்றினால் தம்பி தங்கைக்குத்தான் ஆகும். மலாய்க்காரர்கள் போடும் வெல்வெட் தொப்பியான சொங்கோக்கை யாரும் ஆவியில் காட்ட வேண்டாம். வெல்வெட்டுக்கு உள்ளே விறைப்புக் கொடுப்பது அட்டையும் காகிதமும்தான், ஈரம் பட்டால் அலை அலையாக எழும்பிவிடும், வெல்வெட்டின் மயிரும் படுத்துவிடும். தலை நீளமானவர்கள் தைப்பவரிடம் நேரில் போய்ச் சொல்லித் தைத்துக்கொள்வதே நல்லது. பழைய துரைமாரின் நெட்டித் தொப்பி யாரிடமாவது இருந்தால், நெட்டியைத் தொடவே வேண்டாம். அதன் உள்ளே தலைப்பட்டை தனியாக நிற்கும், திருத்தம் எல்லாம் அந்தப் பட்டையோடு சரி.

தலைக்கவசம் இந்தப் பேச்சிலேயே சேராது. ஆனாலும் "இதையும் கொஞ்சம் இளக்கிக் கொடுங்களேன்" என்று கொண்டுவருகிறார்கள், அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்பனைக் குலை வெட்டுகிறவர் போடும் கவசத்தில், ஓட்டுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விட்டு நாடாக்கள் கட்டியிருக்கும். மேலிருந்து மட்டையோ காயோ விழுந்தால் அடியை வாங்கிப் பரப்புவது அந்த நாடாக்களும் அந்த வெற்றிடமும்தான். கவசம் ஆடுகிறது என்று துண்டை மடித்து உள்ளே திணிக்கிறவர்கள் அந்தப் பாதுகாப்பையே அடைத்துவிடுகிறார்கள். சூடு காட்டி ஓட்டை வளைப்பதோ, காற்றுக்காகத் துளை போடுவதோ அதைவிட மோசம். பின்னால் உள்ள திருகைத் திருப்புங்கள், நாடாக் கொக்கிகளை இடம் மாற்றுங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் வேறு வடிவம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மோட்டார் சைக்கிள் கவசத்திலும் இதே கதை. மலேசியாவில் 1973இலிருந்து கட்டாயமான பொருள் அது, போடாமல் தப்பிக்க முடியாது. நெற்றியில் வலிக்கிறது என்று உள்ளே இருக்கும் வெள்ளை நுரையைக் கரண்டியால் அமுக்கியோ உப்புத்தாளால் தேய்த்தோ பள்ளம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நுரை ஒரே ஒரு முறை நசுங்கி உயிரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. முன்கூட்டியே நசுக்கிவிட்டால் விபத்தன்று நசுங்க மிச்சம் என்ன இருக்கும்? கழற்றி மாட்டக்கூடிய துணி மெத்தையை மட்டும் வேறு தடிப்பில் மாற்றலாம். சைஸ்சைனா என்ற ஆய்வு சீனர்களின் தலைகளை முப்பரிமாணத்தில் அளந்து, மேற்கத்தியத் தலைகளைவிட அவை உருண்டையானவை என்று காட்டியது. கிழக்காசியச் சந்தைக்கென்று வார்த்த கவசம் உங்களைப் போன்ற நீளத் தலைக்கு நெற்றியில் இடித்தால் குறை உங்களிடம் இல்லை. வேறு நிறுவனத்தின் கவசத்தைப் போட்டுப் பாருங்கள். கடையில் கால் மணி நேரமாவது தலையில் வைத்திருந்து, கழற்றிய பிறகு நெற்றியில் சிவந்த தழும்பு இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் தொப்பிக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். களிம்பு தடவிய தோல் ஊற ஒரு நாள், அச்சில் இரண்டு நாள், பிறகு வீட்டுக்குள் மாலையில் ஒரு மணி நேரம் போட்டுப் பழகுங்கள், மிச்சத்தை உங்கள் தலைச்சூடே பார்த்துக்கொள்ளும். மழையில் நனைந்துவிட்டால் பட்டையை வெளியே மடித்து, அந்தப் பட்டையின் மேலேயே தொப்பியை நிறுத்திக் காயவையுங்கள். விளிம்பில் படுக்கவைத்தால் தட்டையாகிவிடும். ஆணியில் மட்டும் மாட்டாதீர்கள். பட்டைத் தையல் கையோடு வருகிற நிலையில் இருந்தால் நீங்களாக ஆவி காட்டத் தொடங்காமல், தலைக்கோடு வரைந்த தாளோடு தொப்பியைத் தோல்வேலை தெரிந்த தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பட்டையை மாற்றும்போதே தலைக்கு ஏற்றபடி வாயைத் திருத்திவிடலாம், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.